குப்பைத்தொட்டியில் விழுந்த பந்து

— டமார்னுச்சே! அய்யோ அம்மிணி, யாரு கார் கண்ணாடி?

— கார் இல்லீங்க மாமா. வேலிக்கு அந்தப் பக்கம் குப்பைத்தொட்டி. நான் அடிச்ச பந்து நேரா அதுக்குள்ள போயிருச்சு.

— சாமி! அப்ப ஜெயிச்சுட்டமா?

— மூணாவது பேஸ்ல நின்ன ஷஹீமா ஓடி வந்துட்டா. அந்த ஒரு ரன்தானே பாக்கி? மேட்ச் முடிஞ்சுது.

— பின்ன நீ ஏன் முதல் பேஸ்லயே நிக்கற? ஹோம் ரன் அடிச்சா நாலு பேஸையும் சுத்தி வரோணும். ஓடு!

— சிக்ஸர் போனா எதுக்குங்க ஓடறது?

— சிக்ஸரா! இது பேஸ்பால் அம்மிணி, கிரிக்கெட் இல்ல! போன வருஷம் நானும் இப்படித்தான் மறந்துபோயி, ஒரு பேஸும் தொடாம பேட்டோட திரும்பி நடந்தேன். அவுட்டுன்னுட்டாங்க. பிளானோ ஊரு முழுக்கச் சொல்லிச் சிரிச்சியே!

— சிரிச்சேன். இட்லி மாவு வாங்கற கடையிலகூடச் சொன்னேன்.

— இப்ப உன் முறை! போகட்டும், என் கேப்டன் தொப்பி தப்பிச்சுது.

— அதெப்படீங்க?

— வாட்ஸ்அப் குரூப்ல என்ன போட்டேன்? ஒரே மேட்ச்ல ஒரு பேஸ் ஓடற அடி, ரெண்டு பேஸ், மூணு பேஸ், ஹோம் ரன்... நாலு வகையும் அடிச்சு ‘சைக்கிள்’ போடறவங்களுக்குத்தான் தொப்பி. பெரிய பெரிய பிளேயருக்கே அது அபூர்வம். உனக்கு ஒத்தை பேஸ் மட்டும்தான் பாக்கி இருந்துச்சு. மெல்லத் தட்டி விடாம மறுபடி ஹோம் ரன் அடிக்கறயே!

— கை நின்னாத்தானே மாமா.

— வாங்க அன்வர் தம்பி! ஸ்கோர் எழுதியாச்சா? அம்மிணிக்கு ரெண்டாவது ஹோம் ரன்.

— அது ஹோம் ரன் ஆகாதுண்ணே. அண்ணி முதல் பேஸைத் தொட்டுட்டு அங்கயே நின்னுட்டாங்க. ஷஹீமா வந்ததால மேட்ச் நமக்குத்தான். ஆனா அண்ணி கணக்குல ஒரு பேஸ்தான்னு அம்பயர் சொல்லிட்டார்.

— அடடா, கிரிக்கெட் புத்தியில ஒரு ஹோம் ரன்னே போச்சே அம்மிணி! ...இரு. இரு. ஒரு பேஸா?

— மறந்துபோயி நடந்தது நீங்க. அன்னிக்கு ராத்திரியே நான் ரூல் புக்கைப் படிச்சுட்டேன். கொஞ்சம் குனியுங்க மாமா, தொப்பி எட்டலை.