வேதவல்லி கதவைத் திறந்தாளா

“ஹலோ... ஹலோ, கனகமா? நான்தான் சாந்தா, சுயாக்லேர்ந்து... ஆமா, ஆமா, சாப்பாடெல்லாம் மத்தியானமே ஆச்சு, அதையெல்லாம் அப்புறம் கேளு. எனக்கு ஒரே ஒரு விஷயம் உடனே தெரிஞ்சாகணும். வேதவல்லி கதவைத் திறக்குறாளா, இல்லையா?... சிரிக்காத கனகம். நான் இங்க நெருப்புல நிக்கிறேன், உனக்குச் சிரிப்பா இருக்கு.”

சுயாக் ஊரில் தமிழ் வாத்தியாராக இருக்கும் ஜம்புநாதனின் மனைவி சாந்தகுமாரி டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு, வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் அரை மணியில் டி.வி.யில் ‘பாரிஜாதத் தெரு’ தொடரின் கடைசி வாரம். மெட்ராஸில் ஓடி முடிந்து எவ்வளவோ நாள் கழித்துத்தான் அது மொரீஷியசுக்கு வந்திருந்தது. தீவின் இன்னொரு கோடியில், ரிவியேர் டு ராம்பாரில் இருக்கும் கனகத்துக்கு மட்டும் அவள் கொழுந்தன் மொத்தத்தையும் கேசட்டில் பிடித்து அனுப்பிவிட்டான். சர்க்கரை மில் இன்ஜினீயர் பெண்டாட்டிக்கு வாய்த்த கொடுப்பினை அது. அவள் போன மாதமே முடிவைப் பார்த்துவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

“நாவலை நான் படிச்சது வாஸ்தவம்தான், யாரு இல்லேன்னா? பத்திரிகைல வந்தப்போ வாராவாரம் படிச்சேன்... ஆனா முடிவு படிக்கல... ஆமாடி, படிக்கல. வேதவல்லியை விட்டுட்டுப் போன புருஷன் வந்து கதவைத் தட்டுறான், அதோட ‘தொடரும்’னு போட்டுட்டான். அடுத்த இதழ் வர்றதுக்குள்ள நான் ப்ளேன்ல ஏறிட்டேன்... எழுதிக் கேட்டேனே. எங்கம்மா முருங்கைக்காய் காய்ச்சதை எழுதினாங்க, மாடு கன்னு போட்டதை எழுதினாங்க, இதை மட்டும் எழுதல... அது சரிதான், முடிவு தெரியும்னு ஊரெல்லாம் ஏன் சொன்னேன்னுதானே கேக்குற? என் வாய் என்னிக்கு சும்மா இருந்திருக்கு, அன்னிக்கு இருக்கிறதுக்கு?”

சும்மா இருந்ததே இல்லை. அந்தத் தெருவில் முக்கால்வாசி தமிழர்கள்தான். கோவிலில் தேவாரம் பாடுவார்கள், காவடி எடுப்பார்கள், அக்கா என்றும் மாமா என்றும் வாய் நிறையக் கூப்பிடுவார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்துவிட்டதால் வீட்டுப் பேச்சு, பிரெஞ்சு கலந்த கிரியோல். டி.வி.யில் தமிழ் வசனம் படபடவென்று வந்தால் அவர்களால் பிடிக்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பெண்கள் எல்லாரும் சாந்தகுமாரி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். காய்கறிச் சந்தையில் பேரம் பேசிக் கற்றுக்கொண்ட கிரியோலில் அவள் ஒவ்வொரு வசனத்துக்கும் அர்த்தம் சொல்வாள். கதாநாயகி வேதவல்லி வெறுமனே ‘ம்’ என்றால்கூட, அதற்கு சாந்தகுமாரியிடம் மூன்று வாக்கியம் இருக்கும். உள்ளறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும் ஜம்புநாதன் அப்போதெல்லாம் இருமுவார். யாரும் அவரைச் சட்டை செய்வதில்லை.

“கேளு, விளையாட்டில்ல. எதுத்த வீட்டு ருக்மணி இருக்கால்ல, துணி பாக்டரில தைக்கிறவ... ஆமா, உனக்குப் பாவாடைக்கு நாடா கோத்துக் குடுத்தாளே, அவதான். அவ புருஷன் ஐயாசாமி கதை உனக்குத் தெரியுமில்ல? இவளையும் பொண்ணையும் விட்டுட்டு வடக்க ஹோட்டல்ல வேலைன்னு போனவன் அங்கயே ஒருத்தியோட குடித்தனம் பண்ணிட்டான்... ம்... ம்... இப்ப திரும்பி வரேங்குறான். வர்றது மட்டுமில்ல, துரைக்கு ஒரு நிபந்தனை வேற. அவ பாக்டரி வேலையை விடணுமாம்... அதைத்தான் நானும் சொல்றேன். அச்சு அசல் வேதவல்லி கதை. அவ தையல் மெஷின் உள்பட.”

“... ஆமா. அதான் ருக்மணி வாராவாரம் என்கிட்ட கேப்பா. அக்கா, கடைசில வேதவல்லி கதவைத் திறப்பாளான்னு. போன வாரமும் கேட்டா. செருப்பை மாட்டிகிட்டே, எங்கயோ பாத்துகிட்டு, என்னமோ உப்பு இருக்கான்னு கேக்குற மாதிரி கேட்டா. நான் அவ முகத்தைப் பாத்தேன் கனகம். திறக்க மாட்டா, அவ பாட்டுக்கு மெஷின்ல தச்சுகிட்டே இருப்பா, அவன் தட்டித் தட்டிக் கை வலிச்சுத் திரும்பிப் போவான்னு சொல்லிட்டேன்... என்ன பண்றது, வந்துடுச்சு. அதைக் கேட்டு அவ முகம் தெளிஞ்சுது பாரு, அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?... இல்ல, இந்த வாரம் அவ ஐயாசாமிக்குப் பதில் சொல்லணும். என் பேச்சை நம்பி ஒரு முடிவு பண்ணி வச்சிருந்து, இங்க டி.வி.ல வேதவல்லி கதவைத் திறந்துட்டாள்னா? சொல்லு, மெதுவா சொல்லு. வேண்டாம், சீக்கிரம் சொல்லு.”

கனகம் எதையும் சீக்கிரம் சொல்லிப் பழகியவள் இல்லை.

“மழை பெய்யுது... சரி... ராந்தல் எரியுது... சரி... கனகம், ரவிக்கையை விடு. கதைக்கு வா... என்ன கலர்?... அந்த மஞ்சளா? அந்த மஞ்சள் அவளுக்கு எடுக்கவே எடுக்காது, முகமெல்லாம் காமாலை வந்த மாதிரி... அந்த மாமனாரோட விக்கு நல்லா இருக்கோ? தேங்காய் நாரை ஒட்டின மாதிரி இருந்துது... சரி, சரி, நான் பேசல, நீ சொல்லு... தட்டுறான்... தட்டுறான்... அவ எழுந்து... ம்... தாழ்ப்பாள்ல கை வைக்கிறா...”

சாந்தகுமாரி அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“திறந்துட்டாளா. அடிப்பாவி... கால்ல வேற விழுறாளா? எத்தனை வாரம் நான் இவளுக்கு வக்காலத்து வாங்கியிருக்கேன், மானத்தை வாங்கிட்டாளே... நாவல்ல அப்படி இருந்திருக்காது, இது டைரக்டர் பண்ணின வேலை. புருஷன் வேஷத்துக்குக் குட்டையா ஒருத்தனைப் பிடிச்சுப் போட்டப்பவே எனக்குத் தெரியும். நாவல்ல அவன் ஆறடி... என்ன, நாவலும் இதேதானா? உன் கொழுந்தன் படிச்சிருக்காரா?... ம். அப்ப எழுதினவரையும் சேத்துத்தான் திட்டணும்.”

முடிவைப் பார்த்ததும் ருக்மணி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். போய் அந்த ஐயாசாமிக்கு என்ன பதில் சொல்வாளோ என்று நினைக்கவே சாந்தகுமாரிக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் ஒரு யோசனை வந்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கனகம், கால்ல விழும்போது வசனம் உண்டா?... நல்லா ஞாபகப்படுத்திப் பாரு... வெறும் வயலின்தானா? அப்ப நான் பிழைச்சேன்... ஏன்னா, கால்ல விழுறதுன்னா மன்னிப்புன்னுதான் அர்த்தமா? ஊருக்குக் கிளம்புறவங்க விழுறதில்லையா? அவ நமஸ்காரம் பண்ணி, போயிட்டு வாங்கன்னு விடை குடுக்குறா. முறைப்படி அனுப்பி வைக்கிறா. அப்படித்தான் சொல்லப் போறேன்... இரு, இரு, அப்புறம் என்ன?... ரெண்டு பேரும் ஒரே குடையில நடந்து போறாங்களா? கெட்டுது. ஒரே குடைக்கு நான் எங்க போவேன்?... பேசுவாங்களா, சும்மா நடப்பாங்களா?... முதுகுதான் தெரியுமா? போதும். மழை பெய்யுது, அவன்கிட்ட குடை இல்ல, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு விடுறா... நீ சிரிச்சுக்கோ. பஸ் வராது, எனக்கும் தெரியும். பஸ் வர்றதுக்குள்ள ‘வணக்கம்’ போட்டுடுவான்... எங்க வீட்டுக்காரங்களா? இவங்க இருமுவாங்க. இருமட்டும்.”

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. ருக்மணிதான், மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட்டாள். கையில் ஒரு தட்டு, அதில் சுடச்சுட கத்தோ பிமாங். நம்மூர் பருப்பு வடையைக் கோலிக்குண்டு மாதிரி உருட்டிப் போட்டால் எப்படி இருக்கும், அது.

“வீனி ருக்மணி, வீனி, அசீஸ்... வா, உக்காருன்னு உன்னைச் சொல்லல கனகம், இவ வந்துட்டா. நான் அப்புறமா... என்ன? ஒரு நிமிஷம் இரு. இவ என்னமோ சொல்றா.”

ருக்மணி உட்காரவில்லை. தட்டை டி.வி. மேல் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கிரியோலில் பேச ஆரம்பித்தாள். சாந்தகுமாரி வேதவல்லி என்று சொன்னது தெருவரைக்கும் கேட்டதாம். அவள் பேசப் பேச சாந்தகுமாரியின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு ரிசீவரைக் காதோடு அணைத்துக்கொண்டு, வழக்கம்போல அர்த்தம் சொல்லத் தொடங்கினாள். இந்தத் தடவை ஒரு சொல்கூடச் சொந்தமாகச் சேர்க்கவில்லை.

“கனகம், கேக்குதா?... இவ முடிவைப் பாத்துட்டாளாம். பாக்டரில கூட வேலை செய்யிற நதின்ங்கிற பொண்ணு வீட்டுல கேசட் இருந்துதாம், ரெண்டு மூணு நாள் முன்னாடியே பாத்துட்டாளாம்... ஆமா, கால்ல விழுறதை, குடையை, எல்லாத்தையும். நதினும் இவளும் டி.வி.யைப் பாத்துத் திட்டினாங்களாம்... இரு, சொல்றா... நேத்து ஐயாசாமி வந்தானாம். இவ கதவைத் திறக்கலியாம். ஜன்னல் வழியா பேசினாளாம். பொண்ணைப் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை பகல்ல வா, வெளியில கூட்டிட்டுப் போயிட்டு கொண்டு விடு, வீடும் பாக்டரி வேலையும் என்னோடதுன்னு சொன்னாளாம்... நானும் அதைத்தான் கேட்டேன். வேதவல்லி திறந்தாளே, உனக்குக் கொஞ்சங்கூட மனசு மாறலியான்னு. அவ... இரு...”

சாந்தகுமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவ திறந்தா திறக்கட்டும் அக்கா, நீங்க சொன்னதுதான் எனக்குச் சரின்னு பட்டுதுங்குறா.”

ருக்மணி ஒரு கத்தோ பிமாங்கை எடுத்து சாந்தகுமாரியின் வாயில் திணித்தாள்.

“ம்... ம்... வாயில இருக்கு, இரு... காரம். கண்ணுல தண்ணி அதனாலதான்... ஆமா, அதேதான் இவளும் சொல்றா. மத்தவங்க யாரும் இன்னும் பாக்கல, அவங்களுக்கு என் முடிவையே சொல்லணுமாம். அதைக் கேக்கத்தான் இவ முன்னாடியே வந்து இடம் பிடிச்சிருக்கா... என்னது, நீயுமா? உனக்குத்தான் கதை முழுக்கத் தெரியுமே... என் கிரியோலுக்கு ஒரு மணி நேரம் லைன்ல இருப்பியா? எங்க வீட்டுக்காரங்க பில்லைப் பாத்து இருமலோட நிறுத்த மாட்டாங்க... சரி, சரி, அழாத. ரிசீவரை டி.வி. பக்கத்துல வைக்கிறேன். பஸ் ஸ்டாண்டு வரும்போது சத்தமா சொல்றேன்.”

தெருப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். ருக்மணி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, தெருக் கதவைத் தானே சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தாள். பாட்டு ஆரம்பித்தது.

“கனகம், ஆரம்பிச்சுட்டான். அந்தப் பக்கம் மூச்சு விடாதே... ஆமா, மஞ்சள்தான். சகிக்கல... கனகம்?... ஹலோ?... ஹலோ?”

லைன் போய்விட்டது.