அரளி வரிசைக்கு நான் ஊற்றியது

பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் முதல் தாளிலேயே எழுதிக்கொண்டீர்கள். தெருவில் தையலக்கா என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். வயது ஐம்பத்தாறு. எங்கள் அப்பா கட்டிய வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்ததில் இடப்பாதியில் நான் தனியாக வசிக்கிறேன். வலப்பாதியில் என் தங்கை வசிக்கிறாள். அவள் பல் மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலை பார்க்கிறாள். வயது ஐம்பது ஆகியும் எனக்கு அவள் பாப்பாதான். அவளுடைய பதினான்கு அரளிச் செடிகளை நான் விஷம் ஊற்றிக் கொன்றதாக அவள் கொடுத்த புகாரின்பேரில் இன்று காலை நிலையத்துக்கு வந்து, யாரும் வற்புறுத்தாமல் இதைச் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் அம்மா என் பாதி வீட்டில், பகலில், படுத்த நிலையில் இறந்துபோனாள். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து நான் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கையைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. உடனே தங்கைக்குப் போன் செய்தேன். அவள் வந்து, அம்மாவின் கை சில்லிட்டிருப்பதைப் பார்த்து, "வேணும்னுதானே என்னை முன்னாடியே கூப்பிடல?" என்று கேட்டாள். என்னைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. தூங்குகிறாள் என்று நினைத்ததை அவளிடம் சொல்லாமலே விட்டேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

பின்பக்கத் தோட்டத்தில் சுவர் கிடையாது, ஒரு வரி செங்கல் மட்டும் பதித்திருக்கிறது. துணி காயப்போடும்போதும் பல் தேய்க்கும்போதும் எதிரெதிரே வருவோம். அவள் முகத்தை வெட்டிக்கொண்டு போவாள். நானும் சளைத்தவள் இல்லை, வெட்டுக்கு வெட்டு கொடுப்பேன். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

அதன் பிறகு போன வருடம் அவள் ஒரு நர்சரிக்காரரை அழைத்துவந்தாள். என் மெஷின் பின்ஜன்னலோரம் இருப்பதால் பேச்சு கேட்டது.

"சீக்கிரம் வளரணும். அந்தப் பக்கம் யாரும் தெரியக் கூடாது" என்றாள். அந்தப் பக்கம் இருப்பது நான் ஒருத்திதான்.

"மூங்கில் வேகமா வரும்மா. ஆனா வேர் ஓடிப்போயி உங்க அக்கா வீட்டு அடுப்படியில முளைச்சு நிக்கும். சவுக்கு உசரமாப் போகும், கீழ காலு தெரியும். செம்பருத்தியில பூச்சி வந்தா மொத்தமாப் போயிரும். அரளி வைங்க. அடியிலேர்ந்து இலை, வெட்ட வெட்டப் புதராகும், ஒரு வருசத்துல ஆள் உசரம்" என்றார் அவர்.

அவள் அரளி என்றாள். அதன் பிறகு அவர் தண்ணீரைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்காமல் மெஷினை வேகமாக மிதித்ததால் அது காதில் விழவில்லை.

முழங்கால் உயரக் கன்றுகள் வந்தன. அவளைப் பற்றி எனக்குத் தெரியும், சின்ன வயதில் அவள் வைத்த செடி ஒன்றுகூட ஒரு வாரம் தாண்டியதில்லை. இதுவும் காய்ந்துவிடும், மறுபடி அந்த முகத்தைத் திருப்பும் வேலை தொடரும் என்று நினைத்தேன். ஆகவே மறுநாள் விடியும்போது எழுந்து, என் கேனில் தண்ணீர் பிடித்து, செங்கல் வரியைத் தாண்டிப் போய் பதினான்குக்கும் ஊற்றினேன். அது முன்பு கழிவறை கழுவும் ஆசிட் இருந்த கேன். பலமுறை அலசியது. பின்வீட்டு மாடியில் காலையில் நடக்கும் பெரியவர் ஒருவர் பார்த்ததாக உங்களிடம் சொன்னது அந்தக் கேனைத்தான்.

அதன் பிறகு தினமும் ஊற்றினேன். முதலில் அவள் செருப்பு மறைந்தது. அடுத்து சேலைக் கரை, வளையல். ஒரு நாள் பூத்திருந்தது, அன்று முகமும் மறைந்துபோயிற்று. முகம் தெரியாததால் அது திரும்புவதும் தெரியவில்லை. இலைகளுக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவதும், துணியை உதறுவதும், ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுப்பதும் மட்டும் வரும். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். ஜன்னல் வழியே வெளிச்சம் பச்சையாக வந்து துணியில் அசையும். எந்த வருடம் என்றே தெரியாது. அவளுக்கு என்மேல் கோபமே இல்லை, இப்போது அக்கா என்று கூப்பிடப்போகிறாள் என்று தோன்றும். விடியலில் ஊற்றும்போது நான் முழுதாக விழித்திருந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு மாதம்தான்.

அதன் பிறகு மழை வந்தது. மழையிலும் ஊற்றினேன். இலை மஞ்சளாகித் தொங்கியது. தாகம் என்று நினைத்து இரண்டு கேன் ஊற்றினேன். பத்து நாளில் எல்லாம் கொட்டிப்போய், குச்சிகளுக்கு நடுவே அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேன் என் கையில் இருந்தது. மறுநாள் புகார் கொடுத்தாள். அரளிக்கே விஷம் வைத்தவள் என்று தெருவில் பேச்சு.

நேற்று நீங்கள் தோட்டத்துக்கு வந்தபோது நர்சரிக்காரர் உங்கள் முன்னிலையில் ஒரு செடியைப் பிடுங்கி, "விசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேர் அழுகியிருக்கு. வாரம் ஒரு தண்ணி போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றார். தங்கையின் புகாரில், தினமும் மாலை தவறாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன் என்று இருப்பதை நீங்கள் இன்று வாசித்தபோதுதான் அறிந்தேன். காலையில் நான், மாலையில் அவள். ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க இருவரும் சேர்ந்து பாடுபட்டிருக்கிறோம். சிரிப்பு வந்தது. எழுதுகிற ஏட்டம்மாவுக்கும் வந்தது.

அனுமதியில்லாமல் அவள் இடத்தில் கால் வைத்ததை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்ன உண்டோ செய்யுங்கள்.

நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். முழுக்க உண்மை, மாற்ற ஒன்றுமில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் தங்கைக்கும் இதை முதலிலிருந்து படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். படித்து முடிக்கும்வரை அவள் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

(கையொப்பம்)
புகார் கொடுத்தவரின் அக்கா