கழுவி வைத்த தூரிகைகள்

நீங்கள் எழுதுகிற வேகத்துக்கு இந்தப் பேனா ஈடுகொடுக்காது அய்யா. மை திட்டுத் திட்டாக இறங்குகிறது. நான்காவது வரியிலேயே உங்கள் எழுத்து சாய ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். சம்மதித்தது உங்கள் பெரிய மனது. எழுதுவது என் தொழில். கதை எழுதுவதைச் சொல்லவில்லை, எழுத்தை எழுதுவதைச் சொல்கிறேன்.

குடை பிடித்த கழுதையின் புத்தகங்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும். மழையே பெய்யாத ஊரில் ஒரு கழுதை எந்நேரமும் குடையோடு திரியும், ஊரே சிரிக்கும். மொத்தம் பதினான்கு புத்தகங்கள். கதையும் படமும் அண்ணனுடையவை. கூடப் பிறந்தவர் இல்லை என்றாலும் முப்பத்தொரு வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன். படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்துகள் என்னுடையவை. அச்செழுத்து அவருக்குப் பிடிக்காது. அவருடைய கையெழுத்தோ கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் அவர் சொல்லச் சொல்ல, அவர் வரைந்த அதே தாளில், படத்துக்கு அடியில் நான் எழுதுவேன். என் எழுத்தைப் பார்த்துத்தான் எனக்கு முத்து என்று பெயர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயரை இந்தத் தாளின் தலைப்பில் நீங்கள் குறித்திருக்கிறீர்கள். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எந்த அட்டையிலும் என் பெயர் வந்ததில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இந்த வரியை நீங்கள் அடிக்கோடிட்டுக் கொள்ளலாம்.

அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம். தூரிகையைக் கழுவ மாட்டார். வேலை முடிந்ததும் வண்ணத்தோடு மேஜையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். காலையில் பார்த்தால் மயிரெல்லாம் குச்சியாக விறைத்திருக்கும். அண்ணி திட்டித் திட்டி ஓய்ந்துபோன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. கழுவி, துணியில் ஒற்றி, முனை மேலே பார்க்க ஜாடியில் நிறுத்துவேன். யாரும் கேட்டு நான் அதைச் செய்யவில்லை.

போன வருடம்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மூலப் படங்கள் இருக்கும் அலமாரியின் சாவி எப்போதும் ஆணியில் தொங்கும். திடீரென்று அது அண்ணனின் சட்டைப்பைக்குப் போய்விட்டது. நான் உள்ளே வந்தால் மேஜையில் இருக்கும் தாளைக் கவிழ்த்து வைப்பார். வண்ணக் கடைக்காரர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டு, “என்ன, உங்க அண்ணன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாரா? வெள்ளையா மட்டுமே வாங்கிட்டுப் போறாரே” என்று சிரித்தார். நானும் கூடவே சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து தூரிகைகளைக் கழுவும்போது கவனித்தேன். எல்லாவற்றிலும் வெள்ளை. மனிதர் மறைக்க நினைத்ததைக் கழுவுகிறவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சாவியை மறந்து குளிக்கப் போனார். திறந்து பார்த்தேன். முதல் புத்தகத்தின் படங்கள் அத்தனையும் பாழ். இரண்டாவதும் அப்படியே. முப்பது வருட வேலையின் மேல் பட்டை பட்டையாக வெள்ளை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் திகைக்கக்கூட இல்லை.

“நல்லதாப் போச்சு, நீயே பார்த்துட்ட. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுட்டு இருந்தேன். இதை நான் எப்பவோ செஞ்சிருக்கணும் முத்து” என்றார்.

காரணமும் சொன்னார். அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. ஒரு விஷயம் மட்டும் தெளிவாகப் புரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு புத்தகம் போய்க்கொண்டிருந்தது. மூச்சிரைப்பைத் தவிர உடம்பில் ஒரு குறையும் இல்லை, இன்னும் பத்து வருடம் தாராளமாக இருப்பார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரே வருடத்தில் கழுதையின் மூலப்படம் ஒன்றுகூட மிஞ்சாது. ஒரு கலைஞனின் படைப்பை அவனிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய நிலை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நிதானமாக யோசித்துப் பாருங்கள். நானும் நிதானமாகத்தான் யோசித்தேன்.

அன்று முற்பகல் அண்ணி கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். நான் அச்சகத்தில் இருப்பதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். கிளம்பவும் செய்தேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினாய் என்றால் பதில் தெரியாது. அண்ணன் நான்காவது புத்தகத்தில் இருந்தார். அலமாரித் தூசி வேறு, மூச்சு ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தது.

“முத்து, கோட்டுல இன்ஹேலர் இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வா.”

கோட்டு பக்கத்து அறையில், கை கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்தது. போகிற போக்கில் மேஜையில் கிடந்த தூரிகைகளையும் அள்ளிக்கொண்டேன், கை தானாகச் செய்கிற வேலை. இன்ஹேலரை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் வைத்தேன். குழாயைத் திறந்தேன். ஆறு தூரிகைகள். வெள்ளை லேசில் போகாது, மயிரின் வேரில் தங்கிவிடும், விரலால் பிரித்துப் பிரித்துக் கழுவ வேண்டும். அவர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை என் பெயர் பாதிதான் வந்தது. நாற்காலி விழுந்தது. நான் ஆறாவது தூரிகையையும் முடித்தேன். பிறகு குழாயை மூடினேன், இன்ஹேலரைக் கோட்டிலேயே திரும்ப வைத்தேன், தூரிகைகளை ஜாடியில் நிறுத்தினேன், அச்சகத்துக்குப் போனேன். அங்கே அன்று ஒரு பிழைகூட விடாமல் மெய்ப்புப் பார்த்தேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூச்சிரைப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அண்ணி அந்த அறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கமே போகவில்லை.

எட்டு மாதம் கழித்து நூலகத்தில் நினைவுக் கண்காட்சி வைத்தார்கள். அதை முழுக்க முழுக்க நடத்தியவன் நான். மேஜை கடைசி நாளில் இருந்தது மாதிரியே இருக்க வேண்டும், தூசிகூடத் தட்டக் கூடாது என்று நூலகர் சொன்னார். ஒவ்வொரு பொருளும் இருந்த இடத்தை அளந்து, சுண்ணக்கட்டியால் குறித்து, படம் எடுத்து, அங்கே கொண்டுபோய் இம்மி பிசகாமல் அடுக்கினேன். வெள்ளை காய்ந்துபோன தட்டு, கவிழ்த்த தாள், தூரிகை ஜாடி. மேலே கண்ணாடிக் கூண்டு. “ஓவியர் இறுதியாக எழுந்து சென்றபோது இருந்த நிலை” என்று என் கையால் எழுதி வைத்தேன். திறப்பு நாளில் குழந்தைகள் காகிதக் குடைகளோடு வந்தார்கள். எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. அவரைச் சாகாமல் வைத்தவன் நான் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அண்ணி புதுக் கண்ணாடி போட்டிருந்தார். கூண்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

“இந்தத் தூரிகையெல்லாம் யாரு கழுவினது?”

“அவரேதான் அண்ணி, வேற யாரு.”

“தட்டுல வெள்ளை அப்படியே காஞ்சு கிடக்கு. தூரிகையில ஒரு பொட்டு இல்ல.” அட்டையில் இருந்த என் எழுத்தை ஒருமுறை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “அன்னைக்கு நீ அச்சகத்துலதானே இருந்தே?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். விழா முடியும்வரை என்னைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நன்றியுரை நான்தான் சொன்னேன், கைதட்டினார்கள். மறுநாள் காலை நீங்கள் வந்தீர்கள்.

அண்ணனைச் சாகவிட்டது நான்தான். கேட்டும் கொடுக்கவில்லை, வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. இதில் எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு நாளாக அவர் திருத்திய தாள்களை என் முன்னால் பரப்பி ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். “படத்துல அவர் கையே வைக்கலையேப்பா. கழுதை இருக்கு, குடை இருக்கு, எழுத்தைத்தானே அழிச்சிருக்காரு?” அண்ணியும் உங்களிடம் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் வளரும் அவர்கள் பேத்திக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராதாம். ஒருநாள் படத்தை மட்டும் பார்த்து அவளாகவே ஒரு கதை சொன்னாளாம், அது அண்ணனுடையதைவிட நன்றாக இருந்ததாம். அதனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படியே விட்டுவிட நினைத்தாராம். என்னிடமும் அதையேதான் சொன்னார். அவருடைய கதை, அவருடைய இஷ்டம் என்கிறீர்கள்.

இதோ, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அந்தத் தாள்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள் அய்யா. கழுதையைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே வெறும் வெள்ளையாகக் கிடக்கிறதே, அங்கேதான் படம் இருந்தது.