காளான் அறைக்குக் கொடுத்த கூந்தல்

வற்றாப்பளை அம்மாளை நெஞ்சில் நிறுத்தி, ஒலிவாங்கி இல்லாத இந்த மேடையில் என் தொண்டையையே துணையாக நம்பி எழுந்து நிற்கிறேன்.

தலைமைக் கதிரையில் வீற்றிருந்து, தடித்த கண்ணாடிக்கு மேலால் எங்கள் எல்லோரையும் இன்னமும் மாணவர்களாகவே பார்க்கின்ற, ஓய்வுபெற்ற அதிபர் செல்வராசா ஐயா அவர்களே. கையெழுத்திலும் கண்டிப்பிலும் கொஞ்சமும் கோணாத எங்கள் சங்கத்துச் செயலாளர் ராஜரத்தினம் அவர்களே. காட்டை வெட்டி, கட்டையைப் பிடுங்கி, வாய்க்கால் வழியே வந்த குளத்துத் தண்ணீரை முரசுமோட்டை வயல்களில் நெல்லாக்கிய பெரியோர்களே. பிள்ளையை இடுப்பிலும் பிரச்சினையைத் தலையிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே. உள்ளே இடமிருந்தும் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கும் இளைஞர்களே. முன்வரிசையில் இருந்து, "கெதியாய் முடி" என்று கண்ணால் சொல்லிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரரே. உங்கள் அனைவருக்கும் கமலாசனியின் கைகூப்பிய வணக்கம்.

என்ன சிவனேஸ்வரி, பின்னுக்குக் கேக்கேல்லையோ? இப்ப கேக்குதோ? சரி, அப்ப அழுகிற அந்தப் பிள்ளையின்ர வாயில ஒரு விசுக்கோத்தை வை.

மாதர் சார்பில் ஐந்து நிமிடம் வாழ்த்திப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். யாரை வாழ்த்துவது? எதற்காக வாழ்த்துவது? நான் அமர்ந்ததும் செயலாளர் ஒரு தீர்மானம் வாசிக்கப் போகிறார். பழைய களஞ்சிய அறையை நிறஞ்சனாவிடமிருந்து எடுத்து, பூட்டுத் திறப்பைச் சங்கத்துக்குத் திருப்பித் தரச் செய்வது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த அறை போனால் அந்தப் பிள்ளையின் ஒரு வருட உழைப்பும் போகும். அதற்கு முன்னால் நான் எழும்பி வாழ்த்துவதென்றால், அது வாழ்த்தா, வழியனுப்பலா? ஒரு மாதமாக நான் குழம்பிப் போயிருக்கிறேன். குழப்பத்தோடுதான் பேசப் போகிறேன். நீங்களும் கொஞ்சம் குழம்புவீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறஞ்சனாவை எல்லோருக்கும் தெரியும். என் மச்சாளின் மகள். இந்தத் தொண்ணூற்று நான்காம் ஆண்டிலும் பாலர் வகுப்பில் முப்பது பிள்ளைகளோடு பகல் முழுவதும் தொண்டை தண்ணீர் வற்றக் கத்துகிறவள். வவுனியாவிலிருந்து வந்த ஒருவரிடம் இரண்டு போத்தல் காளான் வித்து வாங்கி, எங்கள் வைக்கோலிலேயே காளான் வளர்க்கலாம், மீன் இல்லாத நாளில் பிள்ளைகளின் கோப்பையில் ஒரு சத்தான கறி இருக்கும் என்று இதே இடத்தில் நின்று கேட்டாள். நாங்கள் கை தட்டினோம். அறையைக் கொடுத்தோம்.

ஆனால் காளான் என்பது மகாராணி அல்லவா? அறைக்குள் வெக்கை கூடினால் வாடும். ஈரம் குறைந்தால் சுருங்கும். ஈரம் மிஞ்சினால் அழுகும். மணிக்கொரு தடவை ஒருவர் பார்த்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவள் படிப்பிக்கப் போய்விட்டால் யார் தெளிப்பது? கரண்ட் நின்று நாலு வருடம். பற்றரி கண்ணால் காணக் கிடைக்காது. எதை வைத்து மிசின் செய்வது?

ஒருநாள் நான் முற்றத்தில் தலை காயவிட்டுக்கொண்டு இருந்தேன். வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மாமி, உங்கட தலைமயிர் முழங்கால் மட்டும் வருமோ?"

"வரும். ஏனடி, கண்ணூறு படுத்தவோ வந்தனி?"

"ஒரு கட்டு வெட்டித் தாங்கோ. மிசினுக்கு வேணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தலைமயிர் காற்றில் ஈரம் இருந்தால் நீளுமாம், காற்றுக் காய்ந்தால் குறுகுமாம். கட்டையான மயிரில் அது கண்ணுக்குத் தெரியாதாம், நீளமான மயிர்தான் நன்றாகக் காட்டுமாம். ஐம்பத்து மூன்று வருடமாக என் தலையில் இருக்கிற பொருள் இப்படியொரு வித்தை செய்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அம்மாளிடம் பூக்கட்டிக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தது. வெட்டிக் கொடுத்தேன்.

அவள் அதைச் சீயாக்காய் போட்டு மூன்று தரம் கழுவினாள். மற்ற மனிசியின் மயிர், தீட்டுப் போகக் கழுவுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தை மறந்துவிடாதீர்கள். நான் செய்த பிழை இங்கேதான் முளைத்தது.

மிசினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லுகிறேன். கிணற்றுத் துலாவைத் தெரியும்தானே? அதைப்போல ஒரு குட்டித் துலா, மூங்கிலால் செய்தது. கட்டையான பக்கத்தில் கூரையிலிருந்து இறங்கும் என் தலைமயிரும், அது தொய்யாமல் இருக்க ஒரு சைக்கிள் நட்டும். நீளமான பக்கத்தில் ஒரு சேலைன் குழாயின் நுனி. குழாயின் மற்ற நுனி மேலே தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும். காற்றுக் காய்ந்தால் மயிர் குறுகும், கட்டைப் பக்கம் எழும்பும், குழாய் தாழும், தண்ணீர் ஓடி வாசலில் தொங்கும் சாக்குத் திரையை நனைக்கும். நனைந்த சாக்குக்குள்ளால் வருகிற காற்று குளிர்ந்து வரும். அறை குளிர்ந்து ஈரமானதும் மயிர் நீளும், குழாய் உயரும், தண்ணீர் நிற்கும். மனிதர் தொடத் தேவையில்லை. எனக்கு இதைச் சொல்ல ஒரு மாதம் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. விளங்கியதோ என்று கேட்காதீர்கள்.

ஐயா தலையை ஆட்டுறார். ஐயாவுக்கு விளங்கீட்டுது.

நாற்பது நாள் அது வேலை செய்தது. நானே போய்ப் பார்த்தேன். பசுமாடு வாலை ஆட்டுவதுபோல அந்தத் துலா மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். வைக்கோல் கட்டுகளில் சின்னச் சின்ன மொட்டுகள், குண்டூசித் தலைபோல. நிறஞ்சனாவின் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்வேன்?

ஆடி மாதம் வந்தது. காய்ந்த சோளகக் காற்றுச் சுழன்று சுழன்று அடித்தது. ஜெயபுரத்தில் அவளுடைய பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மூன்று நாள் போகவேண்டி வந்தது. திறப்பை என் கையில் தந்தாள்.

"மாமி, காலமையும் பின்னேரமும் தொட்டியை மட்டும் நிரப்பிவிடுங்கோ. மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்."

அது பார்த்துக்கொள்ளும் என்றாள். என்னை யார் பார்த்துக்கொள்வது என்று அவள் யோசிக்கவில்லை.

அன்றைக்கு ஆடி வெள்ளி. தோய்ந்து, திருநீறு பூசி, விரதத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். போனால் என்ன காண்கிறேன்? என் கூந்தல், தாலி கட்டின ஒரு சுமங்கலியின் கூந்தல், எண்ணெய் காணாமல் எலும்பாய்க் காய்ந்து, அவிழ்ந்து, விரிந்து, கூரையில் தொங்குகிறது. தாய்மார்களே, எண்ணெய் வையாத விரித்த கூந்தலை நாங்கள் எந்த வீட்டில் காணுவோம்? எந்த நாளில் காணுவோம்? ஆடி வெள்ளியில், என் கண்ணுக்கு முன்னால், அதுவும் என்னுடைய மயிர். முன்வரிசையில் இருக்கிற இவர் அந்தக் கிழமைதான் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மாளின் விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்து வந்தேன். மேலிருந்து கீழே, இழை இழையாய், ஒரு பிள்ளைக்குத் தலைவாருகிறதுபோலப் பூசிவிட்டேன்.

ஆர் அது "அய்யோ" எண்டது? சிவனேஸ்வரியோ? பொறு, இன்னும் இருக்கு.

பின்னேரம் போனேன். தொட்டி நிறைந்தபடியே இருந்தது. ஒரு துளி குறையவில்லை. சனிக்கிழமை காலை போனேன். குறையவில்லை. நான் என்ன நினைத்திருப்பேன்? அம்மாளின் அருள் என்று நினைத்தேன். எண்ணெய் கண்ட மிசின் வயிறு குளிர்ந்து தாகமில்லாமல் இருக்கிறது என்று நினைத்தேன். வேலியால் எட்டிச் சிவனேஸ்வரிக்கும் சொன்னேன், "பார்த்தியே, இப்ப அதுக்குத் தண்ணியே தேவையில்லை."

ஏன் நீ காளானைப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். வெள்ளியும் விரதம், சனியும் விரதம். காளான் மச்சமா, மரக்கறியா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. விரதக்காரி எதற்கு வம்பு என்று, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போய், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வந்தேன். இரண்டு முழத் தூரத்தில் அந்த மொட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். கட்டுகள் எல்லாம் கருகிய சீலைத் துண்டுகள்போல. அவள் அழவில்லை. துலாவைப் பார்த்தாள். குழாயை ஊதிப் பார்த்தாள். பிறகு என் தலைமயிரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். விரலைப் பாவாடையில் துடைத்தாள்.

அடுத்த கிழமை சங்கத்தில் விசாரித்தபோது அவள் எழும்பி நின்று சொன்னது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். "என்ர பிழை. மிசின் பிழைச்சுப்போச்சு." நீங்களும் அப்படியே நம்பினீர்கள். ராஜரத்தினமும் அதைத்தான் எழுதினார். நானும் இந்த மண்டபத்தில் இருந்தேன். வாய் திறந்தேனா? இல்லை. கோயிலில் அரைமணி நேரம் வாய் ஓயாமல் தேவாரம் பாடுகிற எனக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை.

இரண்டு நாள் முந்தித்தான் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"எண்ணெயாலதானே பிள்ளை?"

"ஓம் மாமி. எண்ணெய் பிடிச்சால் மயிர் காத்தை அறியாது, நீண்டபடியே நிண்டிடும். அதுக்குத்தானே சீயாக்காய் போட்டுக் கழுவினனான்."

"அப்ப ஏனடி என்னைச் சொல்லேல்லை?"

"ஆடி வெள்ளியில எங்கட ஆக்கள் என்ன செய்வினம் எண்டு எனக்குத் தெரியாதே? அதை நான்தான் நினைச்சிருக்கவேணும். மனிசர் போய்வாற இடத்தில வைக்கிற மிசின், மனிசரின்ர கையையும் தாங்கவேணும். தாங்கேல்லையெண்டால் செய்தவளின்ர பிழைதான்."

இது எனக்கு விளங்கவில்லை, சபையோரே. நல்ல மனதோடு செய்தது நான். நட்டப்பட்டது அவள். பிழை என்னுடையது. பழி அவளுடையது. என்னிடம் கோபிக்க வேண்டியவள் எனக்காக நியாயம் சொல்லுகிறாள். அம்மாளிடம் கேட்டேன். இந்தத் தடவை பூவும் வழி காட்டவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

அந்த மிசின் பிழை விடவில்லை. அந்தப் பிள்ளை பிழை விடவில்லை. ஆடி வெள்ளியில் அதற்கு எண்ணெய் வைத்தவள் கமலாசனி. காய்ந்த மொட்டுகளைப் பார்க்க வேண்டிய இடத்தில் நிறைந்த தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டவள் கமலாசனி. தீர்மானத்தில் ஒருவரின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்க முன்னர் திருத்துங்கள்.

அவளிடம் இன்னும் ஒரு போத்தல் வித்து இருக்கிறது. பத்து நாளுக்கு மேல் அது தாங்காது. இன்றைக்குத் திறப்பு கைமாறினால் அதுவும் மண். அவள் இந்த முறை மயிரைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு கட்டப் போகிறாளாம். காற்றுப் போகும், என் கை போகாது. மயிருக்கும் ஆள் கிடைத்துவிட்டது. பெயர் சொல்ல வேண்டாம் என்றாள், ஆனால் அவள் பின்வரிசையில் பிள்ளைக்கு விசுக்கோத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ராஜரத்தினம் எழும்புறார். சொல்லுங்கோ தம்பி. என்னது? மாரி வருகுதாம், போன முறை விதைநெல் நனைஞ்சு முளைச்சதாம், அதை எங்க வைக்கிறதாம்.

நியாயமான கேள்வி. விதைநெல் நனைந்தால் எல்லோர் வயிறும் நனையும். எங்கள் வீட்டு நடு அறை கல்லால் கட்டினது, ஓட்டுக் கூரை. தைப்பொங்கல் வரைக்கும் சங்கத்தின் மூட்டைகள் அங்கே இருக்கட்டும். நாங்கள் குசினிப் பக்கம் படுப்போம். இவரை இதுவரை கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கிறேன். என்ன சொல்லுறியள்? தலையைச் சொறியிறார். எங்கட வீட்டில அதுக்கு ஓம் எண்டுதான் அர்த்தம்.

இன்னுமொண்டு கேக்கிறார். மிசின் திரும்பவும் பிழைச்சால் என்ன செய்யிறதாம்.

பிழைச்சால், தம்பி, பிள்ளையைக் கூப்பிட முன்னம் எங்கட கையில எண்ணெய் மணக்குதோ எண்டு ஒருக்கா பார்ப்பம்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. சிரிச்சுப்போட்டுக் கையைத் தூக்குங்கோ. ஐயா, நீங்கள் எண்ணலாம். அந்த அறை ஒரு விளைச்சலுக்கு நிறஞ்சனாவிடமே இருக்கட்டும் என்கிறவர்கள் யார்? வாய்க்கால் வெட்டிய கைகள், நாற்று நட்ட கைகள், அன்றைக்கு இந்தப் பிள்ளைக்குத் தட்டிய அதே கைகள், எங்கே?

வேப்பமரத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு, ஐந்து. தாய்மார் பக்கம் எனக்கு எண்ண முடியவில்லை. இவருடைய கை எழும்பிவிட்டது. ராஜரத்தினத்தின் கை மேசையில்தான் இருக்கிறது, அது அவருடைய உரிமை. ஆனால் பேனையை எடுத்து எதையோ வெட்டுகிறார். ஐயா சைகை காட்டுகிறார். போதுமாம். அறை அவளிடமே இருக்கட்டுமாம்.

நிறஞ்சனா, குனிஞ்சுகொண்டு இராதை பிள்ளை. நிமிர்ந்து பார்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கை தூக்கியவர்களுக்கும், தூக்காதவருக்கும், ஒரு மாதமாக அந்தப் பிள்ளை சுமந்த பழியை இன்றைக்கு என் கையில் திருப்பித் தந்த இந்தச் சபைக்கும் என் நன்றி. குழப்பம் இன்னும் தீரவில்லை. பாரம் இறங்கிவிட்டது. வணக்கம் சொல்லி என் கதிரைக்குப் போகிறேன்.