சரண்டர் பிறந்த ஊர்

ஆங்கில அகராதியைப் பஸ்ஸில் விரித்து வைத்துப் படிக்கும் மடத்தனம் எனக்கு உண்டு. யாராவது பார்த்து மதிப்பார்கள் என்ற நப்பாசைதான். இதுவரை கவனித்தவர் ஒரே ஒரு கண்டக்டர். அவரும் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

பெண்ணுக்கும் சொத்தில் பங்குண்டு என்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம். சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில், விட்டுக்கொடுப்பதைக் குறிக்கும் 'சரண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லில் மூழ்கியிருந்தேன். முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"அண்ணே, எங்கிட்ட இல்லாததை நான் எப்பிடி விட்டுக்குடுக்க?" என்றாள் தங்கை.

"அய்யா செத்ததும் புஞ்சையில ஒனக்கும் பங்கு வந்துருச்சாம். அது வேண்டாம்னு கைநாட்டு வச்சிரு."

"வந்துருச்சா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே."

"அதான் இப்பச் சொல்றேன்ல."

"வைக்கலைன்னா?"

"வைக்க வேண்டாம் தாயி. ஒம் மக சடங்குக்குத் தாய்மாமன் சீரு யாரு கொண்டாருவான்னு மட்டும் சொல்லிரு."

பஸ் திருத்தங்கல் தாண்டியது. பிறகு, "மை அங்கனயே வச்சிருப்பாகளா?" என்று கேட்டாள்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். கூடவே, சரண்டர் பழைய பிரெஞ்சுச் சொல், திருப்பிக் கொடுப்பது என்று அர்த்தம் என்றும் விளக்கினேன்.

மோர் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "அந்தச் சொல்லு பொறந்த ஊருல முதல்ல குடுத்துட்டுத்தான் திருப்பிக் கேட்டிருக்காக."