மூன்று கோட்டுத் தழும்பு

நான் எப்போதுமே தேநீரை ஆற அமரக் குடிப்பவன், ஐயா. நீங்கள் கொடுத்ததையும் அப்படியே குடித்துக்கொண்டு சொல்கிறேன்.

எனக்குக் கல்லைக் கரைக்கிற வேலை. பழைய பாறையை அமிலத்தில் போட்டால் கல் கரைந்துவிடும். தரையில் முதன்முதலாக முளைத்த செடிகளின் ஸ்போர்கள், விதைபோல முளைக்கிற அந்தத் துகள்கள், மட்டும் அடியில் தங்கும். தூசியைவிடச் சிறியவை, ஆனால் தோல் அவ்வளவு கெட்டி. நான்கு நான்காகப் பிறக்கும். பிறகு பிரிந்து தனித்தனியே போனவற்றில், உடன்பிறந்தவை ஒட்டியிருந்த இடத்தில் மூன்று கோட்டுத் தழும்பு தெரியும். மிகப் பழையவையோ நான்கும் ஒரே உறைக்குள் ஒட்டியபடியே கிடக்கின்றன. எனக்கு அவற்றைத்தான் பிடிக்கும்.

கரைப்பது நான், நுண்ணோக்கியில் பார்ப்பது அவன். ஒன்பது வருடம் பக்கத்து நாற்காலி. உலகத்தில் என்னை அண்ணன் என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை ஃபிரிட்ஜ்.

ஒருமுறை தழும்பே இல்லாத ஸ்போர் ஒன்றைக் காட்டினான்.

"இதுக்கு ரெண்டு அர்த்தம்ணே. ஒண்ணு, கடைசிவரைக்கும் பிரியவே இல்ல. இல்லேன்னா, யாரோடயும் ஒட்டவே இல்ல. நீங்க எந்த ரகம்?"

சிரித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு அவனுக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தது. வாய் கொள்ளாத சிரிப்போடு வந்து சொன்னான். நல்லது தம்பி என்றேன்.

கடைசி நாள், "ஒரு தடவையாவது நானே கரைக்கிறேன்ணே" என்று ஆசையாகக் கேட்டான். கையுறைகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஸ்போர் பொறுக்கும் ஊசியால் முன்னாலேயே அவற்றைக் குத்தி வைத்திருந்தேன். அந்த அமிலம் உடனே சுடாது. சத்தமில்லாமல் எலும்புவரை இறங்கும், பிறகு நெஞ்சை நிறுத்தும். அதை முறிக்கவென்றே ஒரு களிம்பு எப்போதும் மேசைமேல் இருக்கும்.

"கையெல்லாம் ஈரமா இருக்குண்ணே. கழுவிட்டேன், போதும்ல?"

"போதும்ப்பா. உக்காரு, டீ குடிப்போம்."

உட்கார்ந்தான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. நான் ஆற அமரக் குடித்தேன். களிம்பு என் சட்டைப்பையில் இருந்தது.

கொலை என்கிறீர்கள். அவன் என்னை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். நாங்கள் பிரியவே இல்லை, ஐயா. வேண்டுமானால் என்னைச் சோதித்துப் பாருங்கள், எங்கும் ஒரு தழும்புகூட இருக்காது.