பனியன் துணியில் கட்டி என் தம்பி கடலில் இறக்கியது

என் பெயர் தெய்வாத்தாள், வயது 48, காலமான நஞ்சப்பன் மனைவி. கோயமுத்தூர் ஜில்லா, அவிநாசிபாளையத்தில் குடியிருந்து தோட்டம் பார்த்து வருகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் திருமூர்த்தி என் உடன்பிறந்த தம்பி. இறந்துபோன குழந்தையம்மாள் அவன் சம்சாரம்.

இந்த 1968ஆம் வருடம் தை மாதம், புதிதாக வாங்கிய அம்பாசிடர் காரை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டி, என்னையும் அவளையும் கடலோரமாகச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனான். திருச்செந்தூரில் சாமி கும்பிடச் சட்டையைக் கழற்றியவர்களிடம் போய், பனியனைத் தடவிப் பார்த்து, "எந்தக் கம்பெனிங்க இது?" என்று கேட்ட பிறவி அவன்.

அதன் பிறகு கன்னியாகுமரி போகும் வழியில், பாறைகள் உள்ள ஒரு கடற்கரையில் காரை நிறுத்தினான். குழந்தையம்மாள் ஒரு முழுக்குப் போட ஆசைப்பட்டாள், ஆனால் அலைக்குப் பயந்தாள். அதற்கு அவன் டிக்கியிலிருந்த பனியன் துணியை முறுக்கி ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டினான். வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தன் சரக்கின் பெருமையைக் காட்ட வேண்டுமல்லவா. கயிறு வாங்கி வரச் சொன்ன என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏனுங்க மாமா, நனைஞ்சா இது நீளுமுங்களே" என்று அவள் கேட்டாள்.

"வாயெ மூடிட்டு எறங்கு புள்ள. ஆனை கட்டி இழுத்தாலும் அத்துப்போகாது" என்றான்.

அறுந்துபோகவில்லைதான். துணியின் மேல் குற்றமில்லை. அலை இழுக்க இழுக்க ஜவ்வாக நீண்டு அவளைப் பாறைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டது. அப்போதும் மறுமுனை அவன் கையில்தான் இருந்தது. "மாமா, உட்டறாதீங்க" என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது. அதன் பிறகு வந்த அலை அவன் தொடைக்கு ஏறியதும், முனையை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடி வந்தான். தூ! அவனும் ஒரு ஆம்பளை.

அதன் பிறகு மீன்பிடிக்கிறவர்கள் படகில் போய்ப் பிரேதத்தை எடுத்து வந்தார்கள். போலீஸ் வருகிறது என்றதும் வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்தார்கள். அவன் அவசர அவசரமாக அவள் இடுப்பிலிருந்த துணியை அவிழ்த்து டிக்கியில் போட்டுப் பூட்டினான்.

அவளுக்குப் புத்தி பேதலித்திருந்தது, சாவதற்கென்று தானாகவே கடலில் இறங்கினாள் என்று அவன் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். பொய். அவனோடு குடித்தனம் செய்தது ஒன்றுதான் அவள் செய்த பைத்தியக்காரத்தனம்.

சற்று முன் ஸ்டேஷன் வாசலில் என் காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்களும் அப்பிடியே சொல்லீருங்க. கூடப்பொறந்தவ வாக்குன்னா ஆரும் நம்புவாங்க" என்று அழுதான்.

நம்பட்டும் என்றுதான் இத்தனையும் சொல்லியிருக்கிறேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் நிசம்.

(ஒப்பம்) தெய்வாத்தாள்